எறும்புச் சாரையும் எங்கள் சந்தும்

புளித்த கஞ்சியின் வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. செல்லூரில் நாங்கள் குடியிருந்த சந்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, நெசவுக்காகத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவு நூலில் பூசுவார்கள். நூல் காய்ந்து விறைப்பாகிவிடும், தரையில் சொட்டிய கஞ்சி மட்டும் வெயில் ஏற ஏறப் புளித்துப்போய், பத்து மணிக்கெல்லாம் சந்து முழுவதும் அந்த வாடையாகவே இருக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எங்கள் வீட்டுப் படியேறுவார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை, ஆனால் அந்தக் கஞ்சிக்கு எங்களைவிட அதிகமாக உரிமை கொண்டாடியவை எறும்புகள்.

என் அக்கா சரசுவுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. முன்னறையில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பாள். இதற்குத் ‘தார்’ சுற்றுவது என்று பெயர். கஞ்சிச் சட்டியை எறும்பிடமிருந்து காப்பாற்றும் காவல் வேலையும் அவளுடையதே. அம்மா ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் சட்டியை வைத்து, அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில் நகர்த்திவிட்டுப் போவாள். நாள் முழுவதும் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு எறும்பைப் பார்ப்பதைத் தவிர வேறு வேடிக்கை இல்லை. காவல் காக்க வேண்டியவளே கடைசியில் களவுக்கு வழி செய்து கொடுத்தாள்.

தாம்பாளத்தின் விளிம்பிலிருந்து சட்டிக்கு ஒரு தார்க்குச்சியை நேராகப் பாலம் போட்டாள். இன்னொரு பக்கத்தில், சின்னக் கூழாங்கற்களை முட்டுக் கொடுத்து, மூன்று குச்சிகளைக் கோணல்மாணலாகச் சேர்த்து வேறொரு பாலம். பிள்ளையார் எறும்புகள், கடிக்காத அந்தச் சின்னக் கறுப்பு எறும்புகள், முதலில் இரண்டு பாலத்திலும் சரிபாதியாகப் போய்வந்தன. நான் பள்ளிக்கூடப் பாடத்தை ஒருமுறை எழுதி முடிப்பதற்குள் கோணல் பாலம் காலியாகிவிட்டது. சாரை முழுவதும் குறுக்கு வழிக்கு மாறியிருந்தது. “யாருடி இதுகளுக்குச் சொன்னது?” என்று அக்கா கேட்டாள், அந்தக் கேள்வியை அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

நான் பிற்பாடு விலங்கியல் படித்ததற்கும், முப்பது ஆண்டுகள் அதையே பள்ளியில் சொல்லிக் கொடுத்துப் பிழைத்ததற்கும் அந்தக் கேள்விதான் காரணம். விடை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. இரை கண்ட எறும்பு திரும்பும்போது வயிற்றைத் தரையில் தேய்த்து ஒரு வாசனையை விட்டுச் செல்கிறது, பின்னால் வருவது அதை முகர்ந்து போய்த் தானும் கொஞ்சம் தடவுகிறது. குறுக்கு வழியில் போனது சீக்கிரம் திரும்பும், அதனால் அந்த வழியில் வாசனை சீக்கிரம் தடிக்கும். எந்த எறும்புக்கும் எது குறுக்கு வழி என்று தெரியாது, ராணி எறும்பு உத்தரவு போடுவதுமில்லை. ஆனால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு தலையிலும் இல்லாத கணக்கு எல்லாக் கால்களிலுமாகச் சேர்ந்து போட்டு முடிக்கப்படுகிறது.

அக்கா இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். சட்டியை எடுத்துவிட்ட பிறகும் சாரை நிற்காது. வெறும் இடத்துக்கு வரிசை வரிசையாகப் போய், சுற்றிப் பார்த்து, ஒன்றுமில்லாமல் திரும்பும். ஆனாலும் பழைய வாசனை ஆறும்வரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும். “முன்னாடி போனது பாத்திருக்கும்னு பின்னாடி வர்றது நெனச்சுக்கிருது” என்பாள் அக்கா.

எங்கள் சந்தும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்கியது. ரேஷன் கடைக்குச் சீமெண்ணெய் வந்தால் கடையை ஒட்டிய வீட்டுக்காரி முதலில் பார்ப்பாள். அவள் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பாள், அவள் அடுத்த வீட்டுக்கு. பத்து எண்ணுவதற்குள் கடைசி வீட்டுக்காரி தகரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். யாரும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பார்த்துவிட்டுச் சொன்னால் கடைசி வீட்டுக்கு எண்ணெய் மிஞ்சாது. “கேட்டத கேட்டபடியே அடுத்த வீட்டுக்குச் சொல்லிரணும், வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா பாவம்” என்பது அம்மாவின் வேதம். சீமெண்ணெயும் குழாய்த் தண்ணீரும் சாவுச் சேதியும் கூலி உயர்வும் எல்லாம் அந்த வழியாகத்தான் எங்களுக்கு வந்தன.

அக்காவைத் தூக்குவதும் அப்படியே நடந்தது. கொல்லைப்பக்கம் போகவும், சாயங்காலம் வாசலில் காற்றாட உட்காரவும் அவளை யாராவது தூக்க வேண்டும். அப்பா தறியிலிருந்து எழ முடியாதபோது எதிர்வீட்டுப் பாக்கியத்தக்கா வருவாள், அவளுக்குக் கை ஒழியாவிட்டால் தெருவில் போகிற எவராவது “என்ன தாயி, வெளிய வரணுமா?” என்று கேட்டு உள்ளே நுழைவார்கள். எங்கள் அண்ணன் குமரேசன், சரசுவுக்கு மூன்று வயது மூத்தவன், சந்து முனையில் இருந்த பவர்லூம் பட்டறையில் வேலை பார்த்தான். அவனும் இடையில் ஓடிவந்து தூக்கிவிட்டுப் போவான். இன்றைக்கு யார் முறை என்று ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே பதினாறு வருடம் அவள் ஒருநாள்கூட யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதை நினைத்து எனக்கு இன்றைக்கும் பெருமைதான், அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அது தீபாவளி கழிந்த ஐப்பசி மாதம். நான்கு நாட்களாக மழை விட்டுவிட்டுப் பெய்து, வைகையில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாயும் நிரம்பி நின்றது. நண்பகல் நேரம். அப்பா பாவுக் கூலி விஷயமாக இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றாள். மழைக்காகப் பள்ளி விட்டிருந்ததால் நான் அக்காவோடு இருந்தேன்.

கண்மாயில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. துவைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் யாரோ ஒருவர், தண்ணீர் ஏறுகிறது, துணிகளை மேலே எடுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், அது உண்மையும்கூட. அந்தப் பெண்கள் ஈரத்துணியை அள்ளிக்கொண்டு வேகமாகத் தெருவுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், கண்மாய் தளும்புகிறது என்றார்கள். அடுத்த தெருவில் அது கரையில் விரிசல் என்று ஆனது. எங்கள் சந்துக்குள் நுழையும்போது கரை போய்விட்டிருந்தது. சந்தின் கடைசி வீட்டில் வைகை அணையே போய்விட்டது. ஒவ்வொருவரும் தாம் கேட்டதோடு தம் பயத்தையும் கொஞ்சம் தடவி அனுப்பினார்கள், பொய் சொல்ல நினைத்தவர்கள் அதில் ஒருவரும் இல்லை.

“கரை ஒடஞ்சிருச்சாம்டி! அம்புட்டுத் தண்ணியும் இங்கிட்டுத்தான் வருதாம்! புள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க!” என்று பாக்கியத்தக்கா எங்கள் வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு, தன் கைக்குழந்தையை இடுப்பிலும் மாமியாரைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அக்கா ராட்டையை நிறுத்தினாள். அவள் முகத்தில் பயம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. “பட்டறைக்கு ஓடிப்போயி அண்ணனக் கூட்டியா. வேற எங்கிட்டும் நிக்காத. நா இங்கனயே இருக்கேன்” என்றாள். நான் ஓடினேன்.

பட்டறை எங்கள் வாசலிலிருந்து நூறு எட்டுகூட இருக்காது. ஆனால் சந்து முனையில், பெரிய தெருவின் ஜனம் குறுக்கே ஓடியது. பெட்டியும் அண்டாவும் கோழியும் குழந்தையுமாக, செல்லூரே தல்லாகுளத்து மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணால் அதைக் கடந்து நடக்க முடியாது என்று பெரியவர்கள் என்னைத் தேற்றலாம். நான் நடக்க முயன்றேனா என்பதே எனக்குச் சந்தேகம். சந்து முனை வரை போனேன், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் பட்டறைக் கதவு தெரிந்தது, பிறகு எல்லோரும் போகிற பக்கம் என் காலும் திரும்பிக்கொண்டது. என்னைச் சுற்றி அத்தனை பேர் ஓடும்போது ஓடாமல் நிற்பதுதான் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது.

பெரிய தெருவில் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கூட்டத்தை எதிர்த்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள்; முந்தானை கிழிந்திருந்தது. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அக்கா எங்கடி? அண்ணன் தூக்கிட்டானா?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

ஏன் ஆட்டினேன் என்பதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடமாகப் பல பதில்களை வைத்துப் பார்த்திருக்கிறேன். அண்ணன் இதற்குள் போயிருப்பான் என்று நம்பினேன் என்பது ஒன்று. கேட்டது புரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள். உண்மை இதுதான்: இல்லை என்று சொன்னால் அம்மா என்னை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவாள், தண்ணீர் அம்மாவையும் கொண்டுபோய்விடும். எனக்கு அம்மா வேண்டியிருந்தது, அதனால் தலையை ஆட்டினேன்.

அம்மா “அப்பனே, ஆண்டவா” என்று கை கூப்பிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு திரும்பினாள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், “சரசுவ எம்மவன் தூக்கிட்டான்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதானே எங்கள் சந்தின் வழக்கம்? அந்த வார்த்தை எங்களைவிட வேகமாக ஓடியது. அப்பா வேறு தெரு வழியாக வீட்டை நோக்கி ஓடிவந்திருக்கிறார். பாதி வழியில் யாரோ, “அண்ணே, ஒங்க மக வந்துருச்சு, பையன் தூக்கிட்டுப் போறான்” என்று சொல்ல, அவர் திரும்பிவிட்டார். பட்டறையிலிருந்து வெளியே வந்த அண்ணனிடம் இன்னொருவர், “ஒங்க வீட்ல எல்லாம் கெளம்பியாச்சு மாப்ள, சரசுவத் தூக்கிட்டாக” என்று சொல்லியிருக்கிறார். யார் தூக்கினார்கள் என்று அவன் கேட்கவில்லை. அப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பாக்கியத்தக்கா நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஆள் வரப்போகிறது என்று நினைத்தாளாம். அன்று வரை அக்காவைத் தாங்கிய அத்தனை கைகளும் வேறொரு கை இருக்கிறது என்று நம்பின.

தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தின் உயரமான படிக்கட்டில் நாங்கள் ஏறி நின்றோம். முதலில் அப்பா வந்தார். சற்று நேரத்தில் அண்ணன் வந்தான். வெறுங்கையாக வந்தான். அப்பா அவன் முதுகைப் பார்த்தார், அவன் அப்பாவின் கைகளைப் பார்த்தான். அந்தச் சில நொடிகளில் நான்கு பேரில் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது, அந்த ஒருத்தி கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் படிகளைத் தாண்டிக் குதித்து ஓடினான், அப்பா பின்னாலேயே ஓடினார். அதற்குள் தெருவில் வேறு பேச்சு எழுந்திருந்தது. கரையில் போய்ப் பார்த்துவந்த இரண்டு பேர், ஒன்றும் இல்லை, கரை கல்லு மாதிரி நிற்கிறது என்றார்கள். அவர்களை யாரும் முதலில் நம்பவில்லை. ஓடச் சொன்ன வார்த்தை ஒரு மூச்சில் பரவிய ஊரில், திரும்பச் சொன்ன வார்த்தை பரவச் சாயங்காலம் வரை ஆனது.

அக்கா வாசலுக்கு வெளியே தெருவில் கிடந்தாள். முன்னறையிலிருந்து கைகளால் ஊர்ந்து, படியில் உருண்டு, நான்கு வீடு தூரம் வந்திருந்தாள். முழங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் அடைத்துப் போயிருந்தது. ஆளே இல்லாத சந்தில், மழைச் சகதியில் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறாள். அண்ணன் தூக்கியபோது அவள் அழவில்லை. “தண்ணி எது வரைக்கும் வந்துருச்சு?” என்று மட்டும் கேட்டிருக்கிறாள். வரவே இல்லை என்று சொன்ன பிறகுதான் அழுதாளாம்.

அப்பா அன்றைக்கே விசாரித்தார். தன்னிடம் சொன்னவரைப் பிடித்தார். அவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் வேறொருத்தியை. கடைசியில் எல்லா விரலும் அம்மாவிடம் வந்து நின்றன.

“ஒனக்கு யாரு சொன்னா?”

அம்மா அடுப்படியில் நின்றாள். ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் அப்போது ஏதாவது பேசியிருக்கலாம்.

“யாரும் சொல்லல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன். எம்புத்தி கெட்டுப் போச்சு” என்றாள்.

“பெத்த புள்ளயத் தண்ணிக்குக் குடுத்துட்டு வந்திருக்கா” என்றார் அப்பா. கெட்டவர் இல்லை அவர். ஆனால் அந்த வார்த்தையைக் கீழே வைக்க அவருக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும், பாவில் இழை அறுந்தாலும், எந்தச் சண்டையும் அந்த இடத்தில்தான் போய் முடியும். அம்மா ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. நான் பத்தாம் வகுப்பிலும் கல்லூரியிலும், பிறகு வேலைக்குப் போன பிறகும், அந்தச் சண்டைகளின் நடுவே சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தேன். முதலில் அம்மா போனாள், இரண்டு வருடம் கழித்து அப்பாவும் போனார்.

அண்ணன் வேறு விதமாகத் தண்டனை அனுபவித்தான். பட்டறை நூறு எட்டு தூரம்தானே, ஒரு வார்த்தையை நம்பி வீட்டை எட்டிப் பார்க்காமல் போனேனே என்று அவன் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். பெண் பார்க்கப் போன இடங்களில், “எந்தங்கச்சி கடைசிவரைக்கும் எங்கூடத்தான் இருப்பா, சம்மதம்னா மேல பேசுங்க” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுவான். இரண்டு சம்பந்தம் அதனாலேயே தட்டிப் போனது. முப்பத்தெட்டு வயதில்தான் கல்யாணம் நடந்தது.

இப்போது அண்ணனும் அக்காவும் வைகைக் கரையோரம், கோச்சடையில் இருக்கிறார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் பழைய சந்தில் பாவு நீட்ட இடமில்லை. இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன, சீமெண்ணெய் வந்தது என்று குரல் கொடுக்கவும் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாத வீடுகள் அங்கே இருக்கின்றன. இதையெல்லாம் இழப்பு என்று எழுதும்போது கொஞ்சம் நிதானிக்கிறேன். பதினாறு வருடம் அக்காவைத் தூக்கியதும் அந்தச் சந்துதான், இரண்டு மணி நேரம் அவளைச் சகதியில் போட்டதும் அதே சந்துதான், இரண்டுக்கும் அது ஒரே வழியைத்தான் பயன்படுத்தியது.

போன ஐப்பசியில் நான் கோச்சடைக்குப் போயிருந்தேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தான். சக்கர நாற்காலியில் இருந்த அக்காவின் செல்போனில் வாட்ஸ்அப் செய்தி வந்துகொண்டே இருந்தது: அணையில் ஆபத்து, கரையோரம் இருப்பவர்கள் உடனே கிளம்பவும். ஒரே செய்தி, ஏழெட்டுப் பேர் அனுப்பியிருந்தார்கள். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “யாரு பாத்ததாம்?” என்றாள்.

அந்த இரண்டு சொல்லில் நான் உடைந்துவிட்டேன். அன்றைக்கு அம்மா என்னிடம் கேட்டதையும், நான் தலையாட்டியதையும், எதற்காக ஆட்டினேன் என்பதையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அறுபதை நெருங்கும் வயதில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அம்மா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருச்சு. எங்கையில மருந்து போட்டுக்கிட்டே சத்தியம் வாங்குச்சு. ‘சின்னவ பயந்துட்டா. ஒருநாளும் அவகிட்ட இதக் கேட்டுறாத, அவ தாங்க மாட்டா’ன்னு.”

“அப்பா அம்புட்டுப் பேசுனப்பக்கூடவா?”

“அப்பவும்தான்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எனக்கு ஒம்மேல கோவம் இல்லன்னு நெனச்சுக்கிறாத. இருந்துச்சு. தலையாட்டுனதுக்கு இல்ல. ஒம்போது வயசு, என்ன தெரியும்? அம்மா அம்புட்டுப் பேச்சும் வாங்குறப்ப, வளந்த பெறகும் நீ வாயத் தெறக்கல பாரு, அதுக்கு. நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

நான் அவள் முழங்கையைத் தொட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“எங்கிட்டச் சொல்லிட்ட, சரி” என்றாள். “அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் இனிச் சொல்ல முடியாது. அண்ணன் ஒருத்தன் இருக்கான். இன்னமும் அவன் தப்புன்னே நெனச்சுக்கிட்டுக் கெடக்கான்.”

வாசலில் அண்ணனின் வண்டி வந்து நின்றது. நனைந்த சட்டையோடு, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். எழுபதைத் தாண்டிவிட்டவன், மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாத்தா, அழுதியா?” என்றான். அக்கா என்னைப் பார்த்தாள்.

பையை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

“அண்ணே, உக்காரு” என்றேன். “அன்னைக்கு அம்மாகிட்டச் சொன்னது நாந்தான்.”